அடுப்பெரித்த கவிதையும் அள்ளிக் கொடுத்த சீமாட்டியும்

ஹேரியட் மன்ரோவின் கவிதையை லட்சம் பேர் ஒரே சமயத்தில் கேட்டார்கள். கேட்டார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. 1892 அக்டோபர், ஒலிபெருக்கி வராத காலம். கொலம்பஸ் வழி தவறி அமெரிக்காவில் வந்து இறங்கியதன் நானூறாவது ஆண்டுக்காகச் சிகாகோவில் ஓர் உலகக் கண்காட்சி எழும்பிக்கொண்டிருந்தது. அதன் தொடக்கச் சடங்கில் ஒரு நடிகை மேடையேறி மன்ரோவின் கவிதையை வாசித்தார். முன்வரிசைப் பிரமுகர்களைத் தாண்டி யார் காதிலும் ஒரு சொல் விழுந்திருக்காது. எழுதியவருக்குச் சன்மானம் 1,000 டாலர். (சென்னைவாசிகள் தீவுத்திடலருகே சேணமில்லாக் குதிரையில் உட்கார்ந்திருக்கும் மன்றோவை நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்த அம்மாள் வேறு குடும்பம்.)

கவிதையைத் தனிப் புத்தகமாகவும் அச்சிட்டு விழாவில் விற்பனைக்கு வைத்தார்கள். கூட்டம் வந்தது, வேடிக்கை பார்த்தது, போனது. புத்தகம் மட்டும் போகவில்லை. அந்தக் குளிர்காலத்தில் விற்காத கட்டுகள் ஆசிரியரின் அறைக் கணப்பில் எரிந்தன. இதற்கிடையில் ‘நியூயார்க் வேர்ல்டு’ என்ற நாளேடு கவிதையை அனுமதி கேட்காமல் எடுத்துப் போட்டிருந்தது. மன்ரோ வழக்குப் போட்டு 5,000 டாலர் நஷ்டஈடு வாங்கினார். எழுதியதற்கு ஆயிரம், திருடு போனதற்கு ஐயாயிரம். கவிதை விஷயத்தில் தன் நாட்டின் கணக்கு எப்படி ஓடுகிறது என்பது அவருக்கு அன்றே விளங்கியிருக்கும்.

மறு வருடம் அதே கண்காட்சியை ஒட்டி சர்வ மத சபை கூடியது. காவித் தலைப்பாகையோடு பேசிய ஓர் இளைஞரைக் கேட்டு மன்ரோ சொக்கிப்போனார். ஊரையே வசப்படுத்தியவர் என்று விவேகானந்தரைப் பற்றித் தன் சுயசரிதையில் எழுதினார். அந்த இளைஞரைக் கப்பலேற்றக் காசு திரட்டியவர்களில் முக்கியமானவர் திருவல்லிக்கேணி வாத்தியார் அளசிங்கப் பெருமாள். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி வசூலித்தவர். பதினெட்டு ஆண்டு கழித்து அதே வேலையை மன்ரோ சிகாகோவில் செய்தார், ஒரு பத்திரிகைக்காக.

‘பொயட்ரி’ என்ற அந்தப் பத்திரிகையை நான் முதலில் கையில் எடுத்தது எழுபதுகளில், அண்ணா சாலை அமெரிக்க நூலகத்தில். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் குளிர்சாதனத்துக்காக வருவார்கள், மீதிப் பேர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விலாசத்துக்காக. என்னைக் கேட்டிருந்தால் எலியட்டுக்காக என்று சொல்லியிருப்பேன். புதுக்கவிதை எழுதுகிறவன் எவனும் பேச்சில் இரண்டு தடவையாவது எலியட்டையும் எஸ்ரா பவுண்டையும் இழுத்தாக வேண்டிய காலம் அது. க.நா.சு. அவர்களைப் பற்றி எழுதிவிட்டார், பிச்சமூர்த்தி யாப்பை விட்டு வெளியே வந்துவிட்டார். பவுண்டு லண்டனில் உட்கார்ந்து சிகாகோவுக்கு எழுதியனுப்பிய விதிகள் அரை நூற்றாண்டு பிரயாணம் செய்து திருவல்லிக்கேணிப் பிள்ளையார் கோயில் தெருவில், சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ அலுவலக வாசலில் இறங்கிவிட்டன.

நாங்கள் நாலைந்து பேர் அப்போது ஒரு சிற்றிதழ் நடத்திக்கொண்டிருந்தோம். நடத்தினோம் என்றால், அச்சகக்காரர் கண்ணில் படாமல் நடந்தோம். எங்களில் ஒருவன் மன்ரோவின் சுயசரிதையை அந்த நூலகத்திலிருந்து எடுத்து வந்து எல்லாரையும் படிக்க வைத்தான். அன்றிலிருந்து அந்த அம்மாள் எங்களுக்குக் குலதெய்வம். கவிதைக்கு மட்டுமே ஒரு பத்திரிகை, அதுவும் மாதாமாதம், அதுவும் பஞ்சத்தில் அடிபட்டபடி! காசில்லாமல் இருப்பதுதான் தரத்துக்கு அத்தாட்சி என்று எங்களுக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. வேறு சித்தாந்தம் வைத்துக்கொள்ள வசதியும் இல்லை. அறுபது வருடத்துக்கும் மேலாக அரைவயிற்றோடு வந்துகொண்டிருந்த ‘பொயட்ரி’ அந்தச் சித்தாந்தத்துக்கு அமெரிக்க முத்திரை குத்திக் கொடுத்தது.

மன்ரோ வசூலுக்குக் கிளம்பியபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. ‘சிகாகோ ட்ரிப்யூன்’ நாளேட்டுக்குக் கலை விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார். ஓவியனுக்குப் பரிசு தருகிறார்கள், சிற்பிக்குப் பரிசு தருகிறார்கள், அவர்கள் வேலையை வைக்க அருங்காட்சியகம் கட்டுகிறார்கள், கவிஞனுக்கு மட்டும் ஏன் ஒன்றும் இல்லை என்பது அவருடைய நீண்டநாள் மனக்குறை. நண்பர் ஹோபார்ட் சாட்ஃபீல்டு டெய்லர் வழி சொன்னார்: நூறு பேரைப் பிடி, ஆளுக்கு ஆண்டுக்கு 50 டாலர், ஐந்து வருடத்துக்கு வாக்குறுதி வாங்கு. ஆக வருடத்துக்கு 5,000. மன்ரோ நகரத்து அலுவலகங்களின் மாடிப்படிகளை ஏறி இறங்கினார். வக்கீல்கள், வணிகர்கள், கசாப்புத் தொழிலில் காசு பார்த்த நகரத்தின் செல்வர்கள். கவிதையை அவர்கள் தொட்டுப் பார்த்திருப்பார்களா தெரியாது, ஆனால் சிகாகோ நியூயார்க்குக்கு இளைத்ததல்ல என்று காட்ட ஐம்பது டாலர் அதிகமில்லை என்று அவர்களுக்குப் பட்டது. எங்கள் ஊரில் அந்த வயதில் ஓர் அம்மாள் இப்படிக் கிளம்பியிருந்தால் கோயில் கும்பாபிஷேகத்துக்கு என்று நினைத்துக் கொடுத்திருப்பார்கள்.

பணம் சேர்ந்ததும் அவர் செய்த காரியம் எனக்கு இன்றும் ஆச்சரியம். 1912 கோடையில் சிகாகோ பொது நூலகத்தில் போய் உட்கார்ந்து, சில ஆண்டுகளாக அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வந்த கவிதைகளையெல்லாம் படித்தார். பிறகு பிடித்தவர்களுக்குக் கடிதம் போட்டார். பத்திரிகை தொடங்கும் முன் ஆசிரியர் படிப்பது என்ற இந்த வழக்கம் பிற்பாடு எங்கும் பரவவில்லை. 1912 அக்டோபரில் முதல் இதழ். விலை 15 சென்ட். ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று கவிஞருக்குக் காசும் உண்டு.

கடிதம் கிடைத்தவர்களில் ஒருவர் லண்டனில் இருந்த இருபத்தாறு வயது எஸ்ரா பவுண்டு. இரண்டு ஆண்டு முன்பு சகோதரியைப் பார்க்கச் சீனா போகும் வழியில் மன்ரோ லண்டனில் அவர் புத்தகங்களை வாங்கி, சைபீரிய ரயிலில் படித்திருந்தார். பவுண்டு உடனே பதில் போட்டார், வெளிநாட்டு நிருபராகவும் ஆனார். சம்பளம் பேசாமலே அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். முதல் இதழிலேயே தன் நாட்டு மக்களை மடையர் கூட்டம் என்று சொல்லும் கவிதையைக் கொடுத்தார். ஐம்பது டாலர் கொடுத்திருந்த நூறு பேரும் அந்தக் கூட்டத்தில் அடக்கம். யாராவது திருப்பிக் கேட்டிருந்தால் நியாயம்தான்.

அதன்பின் பவுண்டின் கடிதங்கள் சம்பந்தி வீட்டுக் குறைப்பட்டியல் மாதிரி கப்பல் தவறாமல் வந்தன. இதைப் போடு, அதைத் தூக்கு, அவன் கிழடு, இவள் ஒன்றுமில்லை. ஆனால் கூடவே சரக்கும் வந்தது. எச்.டி.யையும் ஆல்டிங்டனையும் அனுப்பினார். 1913 மார்ச்சில் இளங்கவிஞர்கள் செய்யக் கூடாதவை என்று ஒரு பட்டியல் கொடுத்தார். மறு மாதம் பாரிஸ் சுரங்க ரயில் நிலையத்தைப் பற்றிய இரண்டே வரிக் கவிதை. தமிழில் அதைப் பார்த்து எழுதப்பட்ட இரண்டு வரிக் கவிதைகளை அடுக்கினால் சிகாகோ வரை போகும். அவற்றில் சில என்னுடையவை.

தாகூரும் அந்த வழியில் வந்தவர்தான். 1912 டிசம்பர் இதழில் அவருடைய ஆறு கவிதைகள். ஒரு வங்காளிப் பெரியவரை அமெரிக்கப் பத்திரிகை எதுவும் அதுவரை எட்டிப் பார்த்ததில்லை. கப்பலில் வரும் தபாலுக்குக் காத்திருந்த மன்ரோவுக்கு இன்னொரு ஆச்சரியம் இருந்தது: ஆள் கல்கத்தாவில் இல்லை, மகன் படித்துக்கொண்டிருந்த அர்பானாவில், அதே இலினாய் மாநிலத்தில் இருந்தார். சிகாகோவுக்கு வந்து மூடி என்ற கவிஞரின் விதவை வீட்டில் தங்கினார். அடுத்த நவம்பரில் நோபல் பரிசு. ‘பொயட்ரி’ ஒரு பெரிய ஆளைச் சரியான நேரத்தில், சரியான இடத்தில், முழு மனதோடு வரவேற்ற சம்பவங்களை எண்ணினால் இது தலையானது. மற்றவை இவ்வளவு சீராக நடக்கவில்லை. அந்தக் கோணல்தான் இந்தப் பத்திரிகையின் சரித்திரமே.

எலியட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1914 அக்டோபரில் பவுண்டு ‘புரூஃப்ராக்’ கவிதையை அனுப்பி, ஓர் அமெரிக்கனிடமிருந்து தனக்குக் கிடைத்தவற்றில் இதுதான் முதல் தரம் என்றார். மன்ரோவுக்கு மனம் ஒப்பவில்லை. இது என்ன, வழுக்கை விழத் தொடங்கிய ஒரு மனிதன் டீ பார்ட்டிக்குப் போகலாமா வேண்டாமா என்று புலம்புகிறான். முடிவிலாவது நிமிர்ந்து நிற்கக் கூடாதா? பவுண்டு அசைந்து கொடுக்கவில்லை. மாதங்கள் போயின. மாறி மாறிக் கடிதம். கடைசியில் 1915 ஜூனில் இதழின் பின்பக்கத்தில், வேறு இடம் இல்லாத குறைக்கு உட்கார்த்தி வைத்த பாவனையில், அது வந்தது. அந்த இதழின் முன்பக்கங்களில் ஜம்பமாக இருந்தவர்களை இன்று ஆராய்ச்சி மாணவர்களும் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த ஆண்டு பத்திரிகை கொடுத்த லெவின்சன் பரிசு வேச்சல் லிண்ட்சேக்குப் போனது. மேடையில் கூவியும் ஆடியும் கவிதை சொன்னவர் லிண்ட்சே. அவர் எழுதியதைக் காசு கொடுத்துப் படிக்கிறவர்கள் இன்று மிகக் குறைவு.

வாலஸ் ஸ்டீவன்ஸ் கதை இன்னும் ருசி. இன்ஷூரன்ஸ் துறை வக்கீல், சாது. 1915இல் ‘சண்டே மார்னிங்’ என்ற எட்டுப் பத்திக் கவிதையை அனுப்பினார். மன்ரோ ஐந்து போதும் என்றார். ஸ்டீவன்ஸ் வாதாடவில்லை. ஐந்தையும் தானே மாற்றி அடுக்கிக் கொடுத்துவிட்டு, 1923இல் புத்தகம் போட்டபோது எட்டையும் சத்தமில்லாமல் திரும்ப வைத்துக்கொண்டார். ஆசிரியரை ஜெயிக்க இதைவிடக் கௌரவமான வழி எனக்குத் தெரியாது. எங்கள் சிற்றிதழில் ஒரு கவிதையிலிருந்து ஒரு வரியை எடுத்ததற்குக் கவிஞர் தன் நண்பர்களுடன் அறைக்கே வந்துவிட்டார்.

அதே மன்ரோதான், சிகாகோவைக் கசாப்புக்கார நகரம் என்று முகத்துக்கு நேரே சொன்ன கார்ல் சாண்ட்பர்க்கை 1914 மார்ச் இதழின் முதல் பக்கத்தில் போட்டு, மற்ற பத்திரிகைகள் கைகொட்டிச் சிரித்தபோது கூடவே நின்று, அந்த ஆண்டின் பரிசையும் கொடுத்தார். அதே மன்ரோதான் 1913 ஆகஸ்டில் ஜாய்ஸ் கில்மரின் ‘மரங்கள்’ என்ற பன்னிரண்டு வரிப் பாட்டையும் போட்டார். விமர்சகர்கள் இன்றுவரை அதைக் கிண்டல் செய்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த கவிதை அதுதான். நியூஜெர்சி நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்திக் காப்பி குடிக்கும் இடம் ஒன்றுக்குக் கில்மர் பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்டீவன்ஸுக்கு அந்தச் சாலையில் அப்படி ஒரு காப்பிக் கடை அமையவில்லை.

கில்மர் 1918 ஜூலையில் பிரான்சில் குண்டடிபட்டு இறந்தார். அவருக்கு நாலு மாதம் முன்னால், அதே பிரான்சில், ஐசக் ரோசன்பர்க் என்ற ஏழை லண்டன் யூதச் சிப்பாய் இறந்தார். பதுங்குகுழியிலிருந்து அவர் அனுப்பிய கவிதைகளை மன்ரோ 1916 டிசம்பரில் போட்டிருந்தார். அவற்றில் எலி வரும் ஒரு கவிதை, அந்தப் போரைப் பற்றிய எந்தத் தொகுப்பிலும் இன்று இருக்கும். யார் எங்கிருந்து அனுப்பினாலும் பிரித்துப் பார்ப்பது என்பது அவர் கொள்கை. கதவு திறந்திருக்கும் என்று ஆரம்பத்திலேயே அறிவித்துவிட்டார். திறந்த கதவால் கொசுவும் வந்தது, காற்றும் வந்தது.

பணத்தைப் பற்றிய கதைகளில் எனக்குப் பிடித்தது யேட்ஸுடையது. 1913இல் பத்திரிகையின் பரிசு 250 டாலர் அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவர் கொஞ்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு 200 டாலரைத் திருப்பி, இதைப் பவுண்டுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். பவுண்டு அந்தக் காசில் ஒரு டைப்ரைட்டரும் இளஞ்சிற்பி ஒருவரிடம் இரண்டு சின்னச் சிலைகளும் வாங்கினார். சிகாகோ வணிகர்களின் ஐம்பது ஐம்பது டாலர், அயர்லாந்துக் கவிஞர் வழியாக, லண்டனில் சாப்பாட்டுக்கு அல்லாடிய பிரெஞ்சுச் சிற்பிக்குப் போய்ச் சேர்ந்தது. கொடுத்தவர்களுக்கு இது தெரியுமா என்று நான் யோசித்ததுண்டு. டைப்ரைட்டரில் பவுண்டு முதலில் அடித்தது மன்ரோவைத் திட்டும் கடிதமாகத்தான் இருக்கும்.

அந்த உறவு 1919இல் முறிந்தது. ரோமானியக் கவிஞன் புரோபெர்ட்டியஸைப் பவுண்டு தன் போக்கில் ஆங்கிலத்தில் ஆடவிட்டிருந்தார். சிகாகோ பல்கலைக்கழக லத்தீன் பேராசிரியர் ஒருவர் பள்ளிக்கூடப் பையனின் நோட்டைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு பிழை பட்டியலிட்டு எழுத, மன்ரோ அதையும் அச்சிட்டார். பவுண்டு இறுதி அனுதாபங்களுடன் என்று கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்பினார். மன்ரோ அதை ராஜினாமாவாக எடுத்துக்கொண்டார். ஆசிரியருக்கு வேண்டிய சாமர்த்தியம் இது.

மன்ரோ கடைசிவரை விடவில்லை. 1936இல் எழுபத்தைந்து வயதில் போனஸ் அயர்ஸில் எழுத்தாளர் மாநாட்டுக்குப் போய்விட்டு, இன்கா மக்களின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பெரு நாட்டுக்குள் ஏறினார். அந்த உயரம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அரிக்கிப்பா நகரில் இறந்தார், அங்கேயே அடக்கம். மனிதர் போனால் சிற்றிதழும் போகும் என்பது எங்கள் அனுபவம். ‘பொயட்ரி’ போகவில்லை.

அதற்குப் பின் வந்த அறுபது வருடத்தை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் எல்லா வருடமும் ஒரே வருடம்தான்: நிதி இல்லை, அடுத்த இதழ் வருமா தெரியாது, வந்துவிட்டது. ஆசிரியர்கள் மாறினார்கள். பீட்டர் டி விரீஸ் சில காலம் இருந்துவிட்டு நகைச்சுவை நாவல்களுக்குப் போய்ப் பிழைத்தார். ஹேடன் கார்ருத் ஓர் ஆண்டுக்கு மேல் நிலைக்கவில்லை. ஹென்றி ராகோ 1955இலிருந்து 1969 வரை தாக்குப்பிடித்தார். சிகாகோவின் தெற்குப் பக்கத்துக் கறுப்பர் குடியிருப்பில் வளர்ந்த குவெண்டலின் புரூக்ஸின் கவிதைகள் 1944 நவம்பரில் முதன்முதலாக வந்தன. ஆறாவது வருடம் அவருக்குப் புலிட்சர் பரிசு, கறுப்பர் ஒருவருக்குக் கிடைத்த முதலாவது. பேருந்தில் வந்து போகும் தூரத்தில் இருந்தவர். லண்டனில் இருந்தவர்களைப் பத்திரிகை எவ்வளவோ சீக்கிரம் கண்டுபிடித்திருந்தது.

ஜான் ஆஷ்பெரிக்கு நேர்ந்ததை மட்டும் சொல்லாமல் போக மனமில்லை. பள்ளித் தோழன் ஒருவன் அவர் கவிதைகளை எடுத்துப் பொய்ப் பெயரில் ‘பொயட்ரி’க்கு அனுப்பிவிட்டான். 1945இல் அவை அச்சாயின. விஷயம் தெரியாத ஆஷ்பெரி, அதே கவிதைகளைத் தன் சொந்தப் பெயரில் அனுப்பியிருந்தார். திரும்பி வந்துவிட்டன. பின்னாளில் அமெரிக்காவின் எல்லாப் பெரிய பரிசுகளையும் வாங்கிய கவிஞர், திருடன் என்ற சந்தேகத்தில்தான் இந்தப் பத்திரிகையின் வாசலில் முதலில் நின்றார்.

இதையெல்லாம் எழுபதுகளில் நாங்கள் எங்கள் குடும்பக் கதையாகவே பேசிக்கொண்டிருந்தோம். செல்லப்பா பிரதிகளைத் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றும் ‘எழுத்து’ 1970இல் நின்றுவிட்டது. எங்கள் இதழ் அதில் பத்தில் ஒரு பங்கு காலம்கூட ஓடவில்லை. ஆனால் சிகாகோவில் யாரோ இன்னும் பட்டினியோடு நடத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பது ஆறுதலாக இருந்தது. உத்தியோகம், கல்யாணம், வீட்டுக் கடன் என்று போய்விட்ட பின்பும் அந்த ஆறுதல் என்னிடம் இருந்தது.

2002 நவம்பரில் அதிலும் மண் விழுந்தது.

இண்டியானாபொலிஸில் ரூத் லில்லி என்று ஒரு சீமாட்டி. எலி லில்லி மருந்துக் கம்பெனியை நிறுவியவரின் கொள்ளுப்பேத்தி. இன்சுலினைப் பெரிய அளவில் முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த கம்பெனி, பிறகு மனச்சோர்வுக்குப் புரோசாக் மாத்திரை கொடுத்த கம்பெனி. அவரே நெடுங்காலம் மனச்சோர்வில் கிடந்தவர். எழுபதுகளில் திருமதி கர்ன்ஸி வான் ரைப்பர் என்ற மணப்பெயரில் ‘பொயட்ரி’க்குக் கவிதைகள் அனுப்பினார். ஒன்றும் ஏற்கப்படவில்லை. ஆனால் திருப்பி அனுப்பும்போது அச்சடித்த சீட்டை வைக்காமல், பின்னாளில் ஆசிரியரான ஜோசப் பாரிசி கைப்பட நாலு வரி எழுதி வைப்பார். அம்மையாருக்கு அது பிடித்திருந்தது. 1986இல் தன் பெயரில் 25,000 டாலர் பரிசு ஒன்றை ஏற்படுத்தினார். பிறகு 2002இல் பத்திரிகைக்கு எழுதி வைத்தது 100 மில்லியன் டாலருக்கு மேல்.

அப்போது பத்திரிகை நியூபெரி நூலகத்தில் இரவல் இடத்தில் இருந்தது. ஊழியர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். சந்தா 10,000 சொச்சம். செய்தி வந்த அன்று உலகத்திலேயே பெரிய பணக்காரக் கவிதைப் பத்திரிகை அது. எங்கள் பழைய கோஷ்டியில் மிச்சமிருந்தவர்கள் தொலைபேசியில் துக்கம் விசாரித்துக்கொண்டோம். ஒருவன் மட்டும், நாம் திருப்பி அனுப்பியவர்களில் யாராவது மருந்துக் கம்பெனி வைத்திருக்கிறார்களா பார் என்றான். எங்கள் வழக்கம் திருப்பியே அனுப்பாமல் இருப்பது. தபால்தலைக்கு ஆகும் செலவு மிச்சம் என்று இருந்தோம், வந்திருக்கக் கூடிய சொத்து போய்விட்டது.

பணம் வந்ததும் பத்திரிகை ஓர் அறக்கட்டளை ஆயிற்று. தலைவராக வால் ஸ்ட்ரீட் வங்கியாளர் ஜான் பார் வந்தார், கவிதையும் எழுதுகிறவர். பரிசுகள் பெருகின. 2004இல் கவனிக்கப்படாத மேதைகளுக்கென்றே 50,000 டாலரில் ஒரு பரிசு அறிவித்துச் சாமுவேல் மெனாஷ் என்ற வயதான கவிஞருக்குக் கொடுத்தார்கள். கவனிக்காமல் இருப்பதற்குத் தொண்ணூறு ஆண்டு தானும் கொஞ்சம் உதவிய ஒரு பத்திரிகை அதற்கு ஈடு கட்டுவது நியாயம்தான். பாரிசி 2003இல் விலகிவிட்டார். கைப்பட எழுதும் கடிதத்தின் விலை எவ்வளவு என்பது நிலைநாட்டப்பட்ட பிறகு அந்த வழக்கத்தைக் காப்பாற்றுவது சிரமம். இன்று ஆண்டுக்கு ஒரு லட்சம் கவிதைகளுக்கு மேல் வருகின்றன, எல்லாம் கணினி வழியே.

2011இல் சுப்பீரியர் தெருவில் சொந்தக் கட்டடம். ஜான் ரோனன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, 20 மில்லியன் டாலருக்கு மேல் செலவு. மகன் சிகாகோ புறநகரில் வேலையாக இருந்தபோது ஒரு வெயில் நாளில் போய்ப் பார்த்தேன். தெருவை ஒட்டித் துளையிட்ட கறுப்புத் துத்தநாகத் தகடுகள். அவற்றுக்குப் பின்னே ஒரு தோட்டம், அதற்குப் பின்னே கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னே இரண்டு மாடி உயரத்துக்குப் புத்தகங்கள், முப்பதாயிரம். நுழைவுக் கட்டணம் கிடையாது. குளிர்சாதனம் அமெரிக்க நூலகத்தில் இருந்ததைவிட ஒரு படி அதிகம். ஆனால் அதற்காக வந்து உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான். கவிதை படித்துக்கொண்டிருந்தவர்களும் அதிகமில்லை. வரவேற்பில் இருந்த பெண் மிகவும் மரியாதையாக, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். கடன்காரர்கள் யாராவது வருவார்களா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

பழைய இதழ்களைப் பார்க்கலாமா என்றேன். 1912இலிருந்து எல்லாம் இணையத்தில் இலவசமாக இருக்கிறதே, உங்கள் செல்பேசியிலேயே வருமே என்றாள். மகன் அங்கேயே எடுத்துக் காட்டினான். 1915 ஜூன் இதழ், பின்பக்கம், எலியட். அண்ணா சாலைக்கு இரண்டு பேருந்து மாறிப் போய், கட்டுப்போட்ட தொகுதியை நூலகரிடம் கெஞ்சி வாங்கி, நோட்டில் பிரதி எடுத்ததை அவனிடம் சொன்னேன். ஏன், ஜெராக்ஸ் எடுத்திருக்கலாமே அப்பா என்றான்.

2020இல் நடந்ததை அங்கே யாரும் பேச விரும்புவதாகத் தெரியவில்லை. மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ்காரர் கொன்ற பிறகு அறக்கட்டளை நாலு வரியில் ஓர் அனுதாப அறிக்கை வெளியிட்டது. இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு நாலு வரிதானா என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கவிஞர்கள் கையெழுத்திட்டுப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். தலைவரும் வாரியத் தலைவரும் விலகினார்கள். அந்தச் சூடு ஆறுமுன், ஜூலை ஆகஸ்ட் இதழில் வந்த ஒரு நெடுங்கவிதையில் இனவசை இருந்ததாக எதிர்ப்பு எழுந்து ஆசிரியர் டான் ஷேரும் விலகினார். 2020 செப்டம்பர் இதழ் வரவே இல்லை. இரண்டு உலகப் போர்களிலும், 1918 விஷக்காய்ச்சலிலும், பொருளாதாரப் பெருமந்தத்திலும் தவறாமல் வந்த பத்திரிகை, இருபது கோடி டாலருக்கு மேல் கையிருப்பு இருக்கும்போது ஒரு மாதம் வராமல் போயிற்று. அந்தக் கவிஞர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் பவுண்டு வகைச் சண்டை ஒருவருக்கொருவர் தபால்தலை ஒட்டிப் போட்டுக்கொள்வது. நிறுவனத்தோடு சண்டை போடக் கையெழுத்து வேட்டை வேண்டியிருக்கிறது, பதில் சொல்ல ஒரு குழு வேண்டியிருக்கிறது. 2022இல் ஏட்ரியன் மட்டேகா ஆசிரியரானார், நூறு ஆண்டு தாண்டிய அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் கறுப்பர். இதழ் மறுபடி வருகிறது, நன்றாகவும் இருக்கிறது. நான் பெயர் கேள்விப்படாதவர்களே அதிகம். மன்ரோவின் வாசகர்களும் எலியட் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

திரும்பும் வழியில் மகன், பழைய கடிதங்களெல்லாம் எங்கே இருக்கும் என்று கேட்டான். மன்ரோ காலத்துக் கோப்புகள் சிகாகோ பல்கலைக்கழகத்தில். 1950களுக்குப் பிந்தியவை, திருமதி வான் ரைப்பர் கவிதை அனுப்பிக்கொண்டிருந்த ஆண்டுகள் உட்பட, இண்டியானா பல்கலைக்கழகத்தின் அரிய நூலகத்தில். அந்த நூலகத்தின் பெயர் லில்லி நூலகம். தான் சேர்த்த இருபதாயிரம் அரிய புத்தகங்களைக் கொடுத்து அதைத் தோற்றுவித்தவர் ஜே.கே. லில்லி, ரூத் அம்மையாரின் தகப்பனார்.